எதிர்மறை வினையும் அஃறிணையும்

'செய்தேன்', 'செய்கின்றேன்', 'செய்வேன்' என்னும் உடன்பாட்டு முற்றுக்கள் மூன்றும் தத்தமக்குரிய காலத்தைக் காட்டுவன. இவற்றின் எதிர்மறையாகிய 'செய்யேன்' காலங்காட்டுவதில்லை. முக்காலத்திற்கும் பொதுவாய் நின்று, இடம் நோக்கிப் பொருள் தருகின்றது. பழந்தமிழில் பெருவழக்காய் இருந்த இம்முற்று இக்காலத்துச் செய்யுளுக்கே உரியதாய் ஒதுங்கிவிட்டது என்பர். இன்று ஒருவர் 'செய்யேன்' என்று சொல்லின், கேட்போர் அதனை மறுப்பாகக் கொள்ளார். 'செய், ஏன் செய்யலாகாது' என்னும் வேண்டுகோளாகவே கொள்வர். ஆயினும் இவ்வடிவம் முற்றும் வழக்கிறந்ததா என்பது ஆராய்தற்குரியது.

முதற்கண் உருபு பற்றிய வினா. 'செய்யேன்' என்பதில் பகுதியும் விகுதியுமே கண்ணுக்குப் புலனாகின்றன. மறுப்பைக் குறிக்கும் உறுப்பு யாது? எதிர்மறை ஆகார இடைநிலை புணர்ந்து கெட்டது என்பது நன்னூல் வழிவந்த உரைமரபு. நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்ட விசாகப்பெருமாளையர் திருத்தணிகையைத் தம் பெயரோடு தாங்கியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1856 இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல்லும் மறைந்துபோன எதிர்மறை உருபு ஒன்றனைக் கொண்டார். 2003 இல் வெளிவந்த தம் திராவிட மொழி நூலில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, மறைந்த மிடற்றொலி ஒன்றோடு கூடியதாக அவ்வுருபை மீட்டமைத்தார்.

தெலுங்கின் 'செய்யனு' (செய்யேன்), 'செய்யவு' (செய்யாய்) என்பவற்றில் அகரம் வெளிப்பட நிற்பதால் ஐயம் தீர்ந்தது எனத் தோன்றலாம். அது போதாது. தெலுங்கில் 'பேதவாடனு' (யான் ஏழை) என உடன்பாட்டுப் பெயர்ப் பயனிலையிலும் இதே 'அனு' வருதலின், அகரம் விகுதியின் கூறாகவும் இருத்தல் கூடும். வலிய சான்று தமிழிலேயே உள்ளது. 'செய்தது' என்பதன் ஈற்றில் குறிலாகவே வரும் ஒலி 'செய்யாது' என்பதில் நெடிலாகின்றது. அந்நெடில் விகுதியினின்று வந்ததன்று. 'செய்யாத', 'செய்யாமல்' என்னும் எச்சங்களிலும் அதுவே காணப்படுகின்றது. உரைமரபின் முடிபு பொருந்துவதே என்பது எம் கருத்து.

தெலுங்கு நமக்குத் துணைசெய்யும் இடம் வேறு. 1959 ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறினும் இருமொழி வழக்கு மாறவில்லை. மலையடிவாரத்துப் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்றால் நமக்கு வேண்டும் சான்றுகள் காதில் விழும். தெலுங்கர் 'நேனு ரானு' என்பர். தமிழர் 'நான் வரமாட்டேன்' என்பர். தெலுங்கர் 'வாடு ராடு' என்பர். தமிழர் 'அவன் வரமாட்டான்' என்பர். ஆனால், வண்டியைப் பற்றிப் பேசுங்கால் தெலுங்கர் 'பண்டி ராது' என்ன, தமிழரும் 'வண்டி வராது' என்கின்றனர். 'ராது', 'வராது' இரண்டும் ஒரே அமைப்பின. தெலுங்கு மூவிடத்தும் இருதிணைக்கும் காத்துவரும் பழைய முற்றைத் தமிழ்ப் பேச்சு அஃறிணைக்குக் காத்துவருகின்றது.

காலப் பங்கீட்டிலும் இரண்டும் ஒத்தே நடந்துள்ளன. 'இல்' சேர்ந்த 'செய்திலேன்', 'அறிகிலேன்' போன்றன பத்தி நூல்களில் மிகப் பயில்கின்றன. பின்னர் 'செய்யவில்லை' என்பது நிலைபெற்றது, தெலுங்கில் 'செய்யலேது'. இறந்தகாலம் இவ்வாறு 'இல்' என்பதன் வயப்படவே, பழைய முற்றுக்கு எதிர்காலமும் வழக்கச் செயலுமே எஞ்சின. தெலுங்கு அவ்வளவில் நின்றது. தமிழோ, உயர்திணையில் எஞ்சிய அவ்விடத்தையும் 'மாட்டு' என்னும் துணைவினைக்கு ஈந்துவிட்டது.

அஃறிணையில் ஏன் ஈயவில்லை? விடை அச்சொல்லின் பொருளில் உள்ளது. பழைய வழக்கில் 'மாட்டேன்' என்பது 'இயலேன்' எனப் பொருள்படும். இயலாமை நாளடைவில் இசையாமையாயிற்று. தெலுங்கில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு: இன்மை குறித்த சொல்லே ஆங்கு இயலாமை குறித்தது; 'ராலேனு' என்றால் 'என்னால் வர இயலாது' என்பதாம். இசைதலும் இசையாமையும் மனமுடையார்க்கே உரியன. மழைக்கும் வண்டிக்கும் அவை இன்மையின், 'மழை பெய்யமாட்டாது' என்று பேச்சில் எவரும் கூறார். 'பெய்யாது' என்பதே வழக்கு. 'மாட்டேன்', 'மாட்டான்' என்பனவும் அப்பழைய முற்றின் வடிவங்களே என்பதை மாணாக்கர் மறத்தலாகாது. புதிய அமைப்பின் அகத்தும் பழையதே வாழ்கின்றது.

இக்கருத்திற்குத் தடையாக ஒன்று காட்டப்படலாம். 'வண்டி கிளம்பமாட்டேங்குது', 'மழை பெய்யமாட்டேங்குது' என மக்கள் பேசுகின்றனரே எனின், அது தடையன்று, துணையே. அத்தொடர் 'மாட்டேன் என்கிறது' என விரியும். 'மாட்டேன்' தன்மை வினை. 'என்கிறது' அஃறிணை வினை. வண்டிக்கு 'மாட்டு' என்பதை நேரே சேர்க்க இயலாமையால், வழக்கு முதலில் அதற்கு வாய் கொடுத்து, அது தானே மறுத்துக் கூறுவதாக வைத்துப் பேசுகின்றது.