172ஆம் இடத்து மாற்றம்: டிரெஹலோஸ் சர்க்கரையும் டிஃபிசில் தொற்றும் – ஒரு மறுஆய்வு

2018 சனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு கட்டுரை, அதுவரை பெரிதாக யாரும் சந்தேகிக்காத ஒரு சர்க்கரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் பிரிட்டனின் ஆய்வகத்திலிருந்து வந்த அதற்கு முதலாசிரியர் ஜேம்ஸ் கோலின்ஸ். கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் குடல் நுண்ணுயிரியின் 027, 078 ஆகிய இரு வகைகள் 2000-க்குப் பின் மருத்துவமனைகளில் தலைவிரித்தாடியதற்கு, டிரெஹலோஸ் உணவுச் சேர்பொருளாகப் புழக்கத்துக்கு வந்தது துணைபுரிந்திருக்கிறது என்பது கோலின்ஸ் குழுவின் வாசிப்பு. எந்தச் சர்க்கரை குடலுக்கு நல்லது, எது கெட்டது என்று பேசும் எழுத்துகளில் இந்த வாசிப்பு முடிந்த முடிபாகவே எடுத்தாளப்படுகிறது. கட்டுரையின் ஆய்வகப் பகுதியை ஏற்கிறேன். அதன் காலவரிசையை ஏற்க இயலவில்லை.

அவர்கள் காட்டும் வரிசை எளிமையானது. 1990களின் நடுப்பகுதிவரை டிரெஹலோஸ் கிலோவுக்கு ஏறத்தாழ 700 டாலர் விலையுள்ள அரும்பொருள். ஜப்பானின் ஒகயாமாவைச் சேர்ந்த ஹயாஷிபாரா நிறுவனம், மாவுச்சத்திலிருந்து நொதிகளைக் கொண்டு அதைத் தயாரிக்கும் வழியைக் கண்டது. விலை சுமார் 3 டாலருக்கு இறங்கியது. 2000-இல் அமெரிக்காவும் 2001-இல் ஐரோப்பாவும் உணவில் சேர்க்க அனுமதித்தன. பாஸ்தா, அரைத்த இறைச்சி, ஐஸ்கிரீம் எனப் பலவற்றுக்குள் அது நுழைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கனடாவின் கியூபெக்கிலும் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையிலும் 027 வகையால் நோயாளிகள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். முன்னது காரணம், பின்னது விளைவு என்று படிக்க இந்த வரிசை தூண்டுகிறது.

இனி அந்த மரபணு மாற்றத்தைப் பார்ப்போம். வழக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. டிரெஹலோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்த இரட்டைச் சர்க்கரை. நம் சிறுகுடல் சுவரிலுள்ள டிரெஹலேஸ் நொதி அதைப் பிரித்துவிடும். தப்பிக் கீழே இறங்குவது நுண்ணுயிரிகளுக்கு இரை. டிஃபிசிலிடம் அதை உடைக்கும் நொதிக்கான மரபணு டிரீ-ஏ. அருகிலேயே இருக்கும் டிரீ-ஆர் மரபணு தரும் புரதம், சர்க்கரை போதிய அளவு வரும்வரை டிரீ-ஏவைப் பூட்டியே வைத்திருக்கும். 027 வகையில் இந்தப் பூட்டுப் புரதத்தின் 172ஆம் இடத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலியூசின் அமர்ந்திருக்கிறது. இரண்டு அமினோ அமிலங்களுக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்று, எடை ஒன்று. ஒரு மெத்தில் கிளை பிரியும் இடம் மட்டும் வேறு. இவ்வளவு சிறிய வேறுபாடு, மற்ற வகைகளுக்குத் தேவைப்படுவதில் பல நூற்றில் ஒரு பங்கு சர்க்கரைக்கே பூட்டைத் திறந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த பெருமை கோலின்ஸ் குழுவுக்கே உரியது.

ஆனால் இதே மாற்றம் 1985-இல் பாரிஸில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த சிடி196 என்னும் 027 மாதிரியிலும் இருக்கிறது. 1988-இல் மினியாபொலிஸில் கிடைத்த பிஐ1 மாதிரியிலும் இருக்கிறது. இரண்டும் கொள்ளைநோயைக் கிளப்பாதவை. இரண்டும் ஹயாஷிபாராவின் முறைக்கு முந்தியவை. கோலின்ஸ் குழு இதை மறைக்கவில்லை. திறன் முன்பே இருந்தது, வாய்ப்பு பின்னால் வந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

என் மறுப்பு இங்கே தொடங்குகிறது. மிகக் குறைந்த அளவிலேயே திறந்துகொள்ளும் ஒரு பூட்டு, சர்க்கரை அரிதாகக் கிடைத்த காலத்துக்குப் பொருந்துவது. காளான், ஈஸ்ட், இறால் ஆகியவற்றில் டிரெஹலோஸ் இயல்பாகவே உண்டு. அவற்றை உண்டவர்களின் குடலுக்குள் அது என்றும் சிறிதளவு இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆலை ஆலையாக டிரெஹலோஸ் வந்த பிறகுதான் 027-க்கு நன்மை என்றால், அந்த மிகை உணர்திறன் வீண். தாராளமாகக் கிடைக்கும்போது பூட்டு இறுக்கமாக உள்ள பிற வகைகளும் பங்கு கேட்கத் தொடங்கும். 027-இன் தனிச்சலுகை அப்போது குறையவே வேண்டும். இது என் ஊகம். இதற்கு நேரடிச் சோதனைச் சான்று காட்ட முடியாது. ஆயினும் கோலின்ஸ் குழுவின் வாசிப்பைவிட அவர்களுடைய தரவோடு இது இசைந்து போகிறது என்றே கருதுகிறேன். சாதாரண உணவு உண்டவர்களின் சிறுகுடல் திரவமே 027-இன் டிரீ-ஏவைத் தூண்டப் போதுமானதாக இருந்தது என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள்.

1985-இன் பாரிஸ் மாதிரிக்கும் 2003-இன் கியூபெக் மாதிரிக்கும் இடையே மாறியது என்ன? 2013-இல் சாங்கர் நிறுவனத்தைச் சார்ந்த மியாவ் ஹே குழு 027-இன் மரபணுத் தொகுதிகளை உலகெங்கிலுமிருந்து திரட்டி வரிசைப்படுத்தியது. கொள்ளைநோயாகப் பரவியவை இரண்டு கிளைகள். இரண்டுமே வட அமெரிக்காவில் தோன்றியவை. இரண்டும் தனித்தனியே ஃபுளோரோகுவினோலோன் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு எதிர்ப்பைப் பெற்றவை. அவற்றுள் ஒன்றான சிப்ரோஃபிளாக்சசின் அமெரிக்காவில் 1987-இல் புழக்கத்துக்கு வந்தது. கிளைகள் பிரிந்த காலத்தை 1990கள் என்று கணித்தாலும், மூலக்கூறுக் கடிகாரம் தரும் ஆண்டுகளுக்கு இருபுறமும் அகலமான இடைவெளி உண்டு. அவற்றின்மேல் ஒற்றை ஆண்டை நாட்டுவது சரியல்ல. இங்கிலாந்தின் பின்வரலாறு இதைவிட உறுதியான சான்று. அங்கே ஃபுளோரோகுவினோலோன் பயன்பாடு குறைக்கப்பட்டபோது எதிர்ப்புள்ள வகைகளின் தொற்று சரிந்தது. எதிர்ப்பற்ற வகைகள் அப்படிச் சரியவில்லை என்று 2017-இல் டிங்கிள் குழு காட்டியது. டிரெஹலோஸுக்குத் தந்த அனுமதி அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது.

மருந்தெதிர்ப்பே காரணம் என்னும் இந்த விளக்கத்துக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஆஸ்திரேலியாவில் சமூகத்தில் பரவிக் கடும் நோய் தந்த 244 வகை, ஃபுளோரோகுவினோலோனுக்கு அடங்குவது. 172-இல் அதே ஐசோலியூசினைக் கொண்டது. கோலின்ஸ் குழு இதைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது. 244 என்பது 027-இன் நெருங்கிய உறவு; அந்த மாற்றம் இருவருக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்த குலச்சொத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடுமைக்கு வேறு குலச்சொத்துகளும் காரணமாகலாம். இருந்தாலும் மருந்தெதிர்ப்பு ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று சொல்ல 244 இடந்தரவில்லை.

எலிச் சோதனையை லேசாகத் தள்ளிவிட முடியாது. மனிதக் குடல் நுண்ணுயிரிகளைக் குடியேற்றிய எலிகளில், டிரீ-ஏ நீக்கப்பட்ட 027 செலுத்தப்பட்டவற்றில் இறப்பு 33 விழுக்காடு. நீக்கப்படாததில் 79 விழுக்காடு. டிரெஹலோஸ் பெற்ற எலிகளில் நுண்ணுயிரியின் எண்ணிக்கை கூடாமல் நச்சு மட்டும் கூடியது இன்னும் வியப்பு. சர்க்கரை வெறும் தீனியாக மட்டும் இருந்திருந்தால் எண்ணிக்கையும் ஏறியிருக்க வேண்டும். இது ஏன் என்பது இன்னும் தீராத கேள்வி. இந்த ஆய்வுப் போக்கில் நான் மிகவும் மதிப்பது இதையே. ஆனால் நோயாளிகளிடம் தேடியபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. 2019-இல் எயர் குழு, டிரெஹலோஸ் மரபணு மாற்றங்கள் கொள்ளைநோயை உண்டாக்காத வகைகளிலும் பரவலாக இருப்பதையும், ஒரே மரபுக்குள் அவை உள்ளவை, இல்லாதவை என்று ஒப்பிட்டபோது நோயாளிகளின் முடிவு மோசமாகவில்லை என்பதையும் காட்டியது. 2020-இல் மிச்சிகனில் சாண்ட் குழுவும் கடும் நோயோடு தொடர்பு காணவில்லை.

078-க்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. அதில் பூட்டு மாறவில்லை. நான்கு மரபணுக்கள் கொண்ட ஒரு தொகுதி வெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. கோலின்ஸ் குழு இரண்டையும் ஒரே காலக்கோட்டில் வைத்தது, இரண்டும் ஒரே சர்க்கரையைத் தொடுகின்றன என்பதால் மட்டுமே. அந்தத் தொகுதி 078-க்குள் நுழைந்த காலத்தைத் தனியே கணிக்க வேண்டும். 172ஆம் இடத்து மாற்றத்துக்கு 1985 பின்னெல்லை. முன்னெல்லை இன்னும் வகுக்கப்படவில்லை.