கனகதாரா தோத்திரம்

செல்வம் வேண்டித் திருமகள் மீது ஓதப்படும் வடமொழித் துதி. ஆதிசங்கரர் இயற்றியதாக மரபு கூறும். பெரும்பகுதி வசந்ததிலகம் என்னும் யாப்பில் அமைந்தது; பாடல் எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

பிச்சை கேட்டு வந்த பிரம்மச்சாரிச் சிறுவனான சங்கரருக்கு, வீட்டில் எஞ்சியிருந்த ஒரே நெல்லிக்கனியை ஓர் ஏழைப் பெண் இட்டாள். அவள் வறுமை தீர அவர் இத்துதியைப் பாட, பொன் நெல்லிகள் பொழிந்தன என்பது கதை. முன்வினையால் வந்த வறுமை என்று தேவி தயங்கியபோது, இந்த ஒரு தானமே போதாதா என்று சங்கரர் வாதாடினாராம். தமக்கென எதுவும் கேளாமல் பிறருக்காக வேண்டியதே இத்துதியின் பெருஞ்சிறப்பு.

வெள்ளிக்கிழமைகளில் வீடுகளில் பாராயணம் செய்வர். சங்கரர் பிறந்த கேரளத்துக் காலடியில் அட்சய திருதியையை ஒட்டி கனகதாரா யக்ஞம் நடைபெறுகிறது. கண்ணதாசன் இதனைப் 'பொன்மழை' என்று தமிழில் பாடியுள்ளார்.