குஞ்சுகளை எண்ணிய கரைவலை: செசபீக் கழிமுகத்தின் வசந்தகால மீன்பாடு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாந்து, விர்ஜீனியா மாநிலங்களுக்குள் சுமார் 320 கி.மீ. நீண்டு கிடக்கிறது செசபீக். பெயர்தான் விரிகுடா, உண்மையில் அது சஸ்குவெஹானா, பொட்டோமாக் முதலிய ஆறுகளின் நன்னீரும் அட்லாண்டிக்கின் ஓதமும் கலக்கும் பெருங்கழிமுகம். கடலில் வளரும் ஷாட், ஹெர்ரிங், ஸ்ட்ரைப்டு பாஸ் மீன்கள் வசந்தத்தில் சினையோடு இந்த ஆறுகளில் ஏறும். அந்த ஏற்றத்தை மனிதர் அளந்த விதம் நானூறு ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. வலையில் விழுந்ததை மட்டும் எண்ணிய காலம் மிக நீண்டது. ஆற்றில் பிறந்ததை எண்ணும் வழக்கம் மிகத் தாமதமாகவே வந்தது.

1608இல் இங்கு படகோட்டிய ஜான் ஸ்மித், மீன்கள் நெருக்கியடித்து நின்றதால் வலையின்றி வாணலியாலேயே அள்ள முயன்றதைப் பதிவுசெய்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணை, பொட்டோமாக்கில் சில வாரப் பருவத்திலேயே லட்சக்கணக்கில் ஹெர்ரிங்கும் ஷாடும் பிடித்தது. வலையை இழுத்தவர்கள் அடிமைகள். உப்பிட்ட மீனில் ஒரு பங்கு அவர்களுக்கே உணவானது.

ஷாடின் வழியை அணைகள் மறித்தன. 1928இல் சஸ்குவெஹானா முகத்திலிருந்து ஏறக்குறைய 16 கி.மீ. மேலே கோனோவிங்கோ அணை எழுந்தது. (ஷாடுக்கு உறவான நம் உல்லம், 1934இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் அருகியதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.) 1980இல் மேரிலாந்து ஷாட் பிடிப்பதையே நிறுத்தியது.

உள்ளூரார் ராக்ஃபிஷ் என்றழைக்கும் ஸ்ட்ரைப்டு பாஸின் கதை வேறு. அதன் முட்டை நீரோட்டத்தில் மிதந்தபடியே பொரிய வேண்டும்; ஓட்டம் தளர்ந்தால் அடியில் படிந்து அழியும். பொரிந்த குஞ்சுக்கு அந்த நேரத்தில் நுண்ணுயிர் இரை கிடைக்க வேண்டும். பனி மிகுந்த குளிர்காலமும் அதையடுத்துக் குளிர்ந்த, மழையுள்ள வசந்தமும் அமைந்தால் ஆற்றில் நீர் பெருகும், இரையும் பெருகும். கோடையை ஒத்த வறண்ட வசந்தத்தில் இந்தப் பொருத்தம் குலைந்துவிடுகிறது.

மேரிலாந்து 1954 முதல் ஒவ்வொரு கோடையிலும் குறித்த இடங்களில் கரைவலை இழுத்து, அவ்வாண்டு பிறந்த குஞ்சுகளை எண்ணி வருகிறது. ஒரு வலைவீச்சுக்குச் சராசரியாக எத்தனை என்பதே குறியீடு. இந்த எளிய கணக்கையே செசபீக் மீன்வள வரலாற்றின் மிகப் பெரிய திருப்பமாக நான் கருதுகிறேன். 1973இல் அட்லாண்டிக் கரை முழுவதும் வணிகப் பிடிப்பு ஒன்றரைக் கோடி பவுண்டை நெருங்கியபோது சந்தையில் குறை ஏதும் தெரியவில்லை. விற்றவை 1970 போன்ற நல்ல ஆண்டுகளில் பிறந்தவை. ஆனால் அதன்பின் குஞ்சுகள் குறைந்துகொண்டே போவதைக் கரைவலை காட்டியது. பத்தாண்டில் பிடிப்பு கால்வாசிக்கும் கீழே சரிந்தது.

1985இல் மேரிலாந்து முழுத்தடை விதித்தது. தடையை நீக்கும் நாளைக் குறித்ததும் அதே குறியீடுதான்: மூன்றாண்டுச் சராசரி 8ஐத் தொட வேண்டும் என்பது விதி. 1989இல் 25 பதிவாக, 1990இல் மீன்பிடிப்பு கட்டுப்பாட்டுடன் திறந்தது. கடும்பனிக்குப் பின் வந்த 1996இல் குறியீடு 59ஐத் தாண்டியது. தொழிலை இழந்து பொறுத்திருந்த மீனவர்களுக்கே இந்த மீட்சியின் முதற்பெருமை சேரும்.

ஆனால் 2012இன் வெப்பமான வசந்தத்தில் அந்தக் குறியீடு 0.9 ஆனது. 2019 முதல் தொடர்ந்து ஆண்டுதோறும் நீண்டகாலச் சராசரியான 11க்கு வெகு கீழேயே நிற்கிறது, 2023இல் 1.0. சினைகொண்ட பெருமீன்களைக் காக்க, 2024இல் மேரிலாந்து தன் வசந்தகாலப் பெருமீன் தூண்டில் பருவத்தைத் திறக்கவில்லை. 1985இல் வலையை நிறுத்தியது போதுமானதாக இருந்தது. இன்று குறைபடுவது வசந்த நீரின் குளிர்ச்சியும் ஓட்டமும். அவற்றைத் தடைச்சட்டத்தால் மீட்க முடியாது.