மார்கழி ஓட்டமும் மணல் குழியில் விளையாடிய பிள்ளைகளும்

1995 டிசம்பர். சென்னைக்கு அப்போ மெட்ராஸ்னுதான் பேரு. நான் இன்னும் பொறக்கவே இல்ல. மார்கழி பிறந்த சூட்டோட, 18-ஆம் தேதி தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே ஆரம்பிச்சது. அதுல பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தை ஷைனி வில்சன் 1 நிமிடம் 59.85 நொடியில் முடித்தார். 2 நிமிஷத்துக்குள்ள அந்த தூரத்தைக் கடந்த முதல் இந்தியப் பெண். அந்த தேசிய சாதனை 15 வருஷம் நின்னது. 2010-ல் டின்டு லூகா வந்துதான் அதை உடைத்தார்.

இதுவரைக்கும் பொது அறிவுப் புத்தகத்துல இருக்கும். அந்த மாதிரி புத்தகங்கள் சொல்லாம விடுறது ஒண்ணு இருக்கு. அந்த ஓட்டத்தை ஓடும்போது ஷைனிக்கு வயசு 30, ஏற்கனவே அம்மா.

அவங்க கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். ஊர் கேரளாவுல தொடுபுழா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை போனவர். 1985 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம். 1986 சியோலில் அதே 800 மீட்டரில் எல்லாருக்கும் முன்னாடி ஓடியும், தன் லேனை விட்டு சீக்கிரமே உள்ளே வந்துட்டார்னு தகுதி நீக்கம் பண்ணிட்டாங்க. பி.டி. உஷா பேரைச் சொல்ற அளவுக்கு இவங்க பேரை நாம சொல்றதில்லைங்கிறதுக்கு அந்த ஒரு கோடும் ஒரு காரணம்னு எனக்குத் தோணும். 1988-ல் நீச்சல் வீரர் வில்சன் செரியனோட கல்யாணம். 1992 பார்சிலோனாவில் இந்தியக் கொடியைத் தூக்கிட்டுப் போன முதல் பெண்ணும் இவங்கதான். சென்னையில இந்திய உணவுக் கழகத்துல வேலை. அதாவது ஆபீஸ், வீடு, குழந்தை எல்லாம் இருந்தது. அதுக்கு அப்புறம்தான் அந்த 1:59.85.

இதையெல்லாம் நான் ஏன் தோண்டினேன்னு சொல்லணும். காரணம் எங்க அக்கா.

நான் எலக்ட்ரானிக் சிட்டியில பொட்டி தட்டுறவன், ஜாகை ஓசூர். சொந்த ஊர் பாரூர், போச்சம்பள்ளி பக்கம். பெரிய ஏரி இருக்கிற ஊர், தென்பெண்ணைத் தண்ணி வந்து நிக்கிற ஏரி. ஓசூர் மேட்டுல இருக்கு, வருஷம் பூரா காலையில ஓடலாம். கிருஷ்ணகிரி இறங்கிட்டா அந்தக் கதை நடக்காது. ஓடும்போது உடம்புல கிளம்புற சூட்டை வேர்வைதான் வெளியே தள்ளணும், வெயில் ஏறிட்டா அதுவே தடுமாறும். சென்னை மாரத்தான், ஆரோவில் மாரத்தான் எல்லாத்தையும் டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ளயே வெச்சிருக்கிறது சும்மா இல்ல. பாரூர்ல ஓடுறவங்களுக்கு மார்கழியும் தையும்தான் சீசன்.

அக்கா ஸ்கூல்ல 800 மீட்டர் ஓடினவ. குறுவட்டப் போட்டி தாண்டி மாவட்டப் போட்டி வரைக்கும் போனா. அப்புறம் வழக்கமான கதைதான்: படிப்பு, கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க, பர்கூர் பக்கம் கம்பெனி வேலை. போன மார்கழியில திடீர்னு ஏரிக்கரை மேல ஓட ஆரம்பிச்சுட்டா. "எப்படிக்கா நேரம் கிடைக்குது?"ன்னு கேட்டேன். "கோலம் போட நாலரைக்கு எந்திரிக்கறது தானேடா, போட்டுட்டு அப்படியே ஒரு ஓட்டம்"னா. ஆறரைக்கு கம்பெனி பஸ். நடுவுல அவ பொண்ணை ஸ்கூல் கிரவுண்டுல விடணும். குடியரசு தினப் போட்டிக்குப் பயிற்சி. சின்னவனை யார் பார்த்துக்கறதுன்னு தினம் ஒரு பஞ்சாயத்து. மாமா நைட் ஷிப்டுல இருந்து வர்ற வாரம்னா ஓட்டம் கட்.

நானும்தான் ஓடுறேன். ஆனா நான் ஓடப் போறதுக்கு யார்கிட்டயும் கேட்டதில்ல. "இன்னிக்கு எத்தனை கிலோமீட்டர்?"னு என்னைக் கேக்கிற அதே தெரு, அக்காவைப் பார்த்து "புள்ளைங்களை யாரும்மா பார்த்துக்கறாங்க?"ன்னு கேக்குது. கேக்கிறவங்க கெட்டவங்க இல்ல. ஆனா கேள்வி மாறுது பாருங்க.

இந்தக் கேள்வி புதுசு இல்லைன்னு தேடப்போனப்பதான் தெரிஞ்சது. அங்கதான் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன் வர்றாங்க. நெதர்லாந்துக்காரர், 1918-ல் பிறந்தவர். 18 வயசுல 1936 பெர்லின் ஒலிம்பிக் போய், மெடல் இல்லாம, ஜெஸ்ஸி ஓவன்ஸ் கையெழுத்தோட திரும்பினார். அடுத்த ரெண்டு ஒலிம்பிக்கையும் (1940, 1944) உலகப்போர் முழுங்கிடுச்சு. இடையில தன் கோச் யான் பிளாங்கர்ஸைக் கட்டிக்கிட்டு ஒரு பையனும் பிறந்தாச்சு. ஓட்டம் முடிஞ்சதுன்னு பத்திரிகைகள் எழுதினப்போ, ஜெர்மன் ஆக்கிரமிப்புக்குள்ள இருந்த நாட்டுல 1943-ல உயரம் தாண்டுதல்ல 1.71 மீட்டர், நீளம் தாண்டுதல்ல 6.25 மீட்டர்னு ரெண்டு உலக சாதனை பண்ணாங்க. அடுத்த வருஷக் குளிர்காலம் டச்சுக்காரங்க இன்னிக்கும் மறக்காத பட்டினிக் குளிர்காலம். துலிப் கிழங்கைத் தின்னு பிழைச்சாங்க ஜனங்க. அந்தக் குளிர்ல ஓட்டத்தை யார் நினைச்சிருப்பா, வீட்டுல சின்னக் குழந்தை வேற.

போர் முடிஞ்சு மகள் பிறந்தாள். பிறந்த சில மாசத்துலயே 1946 ஆஸ்லோ ஐரோப்பியப் போட்டியில தடை ஓட்டத்துல தங்கம். அவங்க பயிற்சி எப்படின்னு படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது. வாரத்துக்கு ரெண்டே நாள், தலா ரெண்டு மணி நேரம். பிள்ளைங்களை சைக்கிள்ல வெச்சு மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அம்மா ஓடுவாங்க, பிள்ளைங்க நீளம் தாண்டுற மணல் குழியில விளையாடும். ஒரு நிமிஷம் யோசிங்க. பிள்ளைங்க ஓட அம்மா வேலி ஓரமா டிபன் டப்பாவோட நிக்கிற காட்சிதான் நமக்குப் பழக்கம். இங்க அது தலைகீழ்.

1948 லண்டன். வயசு 30, ரெண்டு பிள்ளை. பிரிட்டன் அணி மேலாளர் ஒருத்தர் வயசாகிடுச்சுன்னு சொன்னதை யான் மறுபடி மறுபடி ஞாபகப்படுத்தியே சூடேத்தினாராம். 100 மீட்டர், 80 மீட்டர் தடை ஓட்டம் ரெண்டும் ஜெயிச்சதும் பிள்ளைங்க ஞாபகம் வந்து அழுது, ஊருக்குப் போறேன்னுட்டாங்க. சமாதானம் பண்ணி 200 மீட்டர் ஓட வெச்சார். அதுவும் தங்கம். கடைசியா தொடர் ஓட்டம். ரெயின்கோட் வாங்கக் கடைக்குப் போய் மைதானத்துக்கு லேட்டா வந்து, அதையும் ஜெயிச்சாங்க :-) அந்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த தடகளப் போட்டிகளே மொத்தம் 9. நாலு தங்கம் இவங்களுக்கு. இப்படிப்பட்டவங்களுக்குப் பத்திரிகை வெச்ச பட்டம் "பறக்கும் குடும்பத் தலைவி". வீட்டுக்குக் கடிதங்களும் வந்தது, பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டு வீட்டுல இருன்னு. எங்க தெருவுல வாயால கேட்டதை அங்க தபால்ல கேட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

அக்காவோட 800 மீட்டருக்கு இன்னொரு பழைய கணக்கு இருக்கு. 1928 ஆம்ஸ்டர்டாம்லதான் பெண்களுக்கு முதல்முறையா ஒலிம்பிக்ல 800 மீட்டர் வெச்சாங்க. ஜெர்மனியின் லினா ராட்கே 2:16.8-ல் ஜெயித்தார். ஓடி முடிச்சு சிலர் களைச்சுப்போய்ப் படுத்ததை, ஆளாளுக்கு மயங்கி விழுந்தாங்கன்னு பத்திரிகைகள் ஊதிப் பெருசாக்கினதுல, பெண் உடம்புக்கு இந்த தூரம் ஆகாதுன்னு போட்டியையே எடுத்துட்டாங்க. திரும்ப வந்தது 1960 ரோமில். 32 வருஷம்! ஆம்பளைங்க ஓடி முடிச்சு விழுந்தா அதுக்குப் பேர் வீரம்.

அதே ரோம்ல 800 மீட்டர் ஆண்கள் தங்கம் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல்லுக்கு. அவரோட கோச் ஆர்தர் லிடியார்ட், செருப்பு ஃபேக்டரியில வேலை பார்த்தவர். எனக்கு அவரைப் பிடிக்கிறது மெடலுக்காக இல்ல. பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல ஓடினா போதும்னு, ஆக்லாந்துல சாதாரண ஜனங்களை, நடுத்தர வயசு ஆளுங்களைக்கூட ஓட வெச்சாரே, அதுக்காக. 1962 கடைசியில அமெரிக்கக் கோச் பில் பௌவர்மேன் அங்கே போய் அந்தக் கூட்டத்தோட ஓடி, 70 வயசு தாண்டின ஒரு தாத்தாவைவிடப் பின்தங்கி மூச்சு வாங்கினார். ஊர் திரும்பி ஆரெகன்ல ஜாகிங் வகுப்பு ஆரம்பிச்சு, 1967-ல் அதைப் பத்தி ஒரு புத்தகமும் எழுதினார். அவர் கூட்டாளியா இருந்து 1964-ல் ஆரம்பிச்ச கம்பெனிதான் பின்னாடி நைக்கி ஆச்சு.

இப்போ சுத்திச் சுத்தி எங்க ஊர்கிட்டயே வந்துட்டோம். பர்கூர் சிப்காட்ல ஷூ தைக்கிற வேலை பெரும்பாலும் பெண்களுக்குத்தான். மார்கழிப் பனியில ஷால் போத்திக்கிட்டு ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஓடுறதுக்கான ஷூவைத் தைக்கிறவங்களுக்கு ஓட நேரம் கிடையாது. லிடியார்ட் சொன்ன பேசிக்கிட்டே ஓடுற வேகம் அக்காவுக்குச் சொல்லாமயே தெரிஞ்சிருக்கு. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தரைச் சேர்த்துக்கிட்டா, ரெண்டு பேரும் மாமியார் கதை பேசிக்கிட்டே கரை மேல ரெண்டு கிலோமீட்டர் போயிட்டு வர்றாங்க. நாய்த் தொல்லைக்குக் கையில ஒரு குச்சி.

சின்னவன் பஞ்சாயத்துக்கும் ஒரு வழி பிறந்தது. ஃபேனியோட மணல் குழிக் கதையை போன்ல சொன்னேன். அடுத்த வாரம் பொண்ணு பயிற்சி எடுக்கிற கிரவுண்டுக்கே சின்னவனையும் கூட்டிட்டுப் போயிட்டா. பி.டி. சாரைக் கேட்டுக்கிட்டு, பொண்ணு உள்ளே ஓட இவ வெளிச்சுத்துல ஓடுறா. பையன் நீளம் தாண்டுற குழியில மண்ணைக் கிளறிக்கிட்டு இருக்கான். ஏரிக்கரை மாதிரி வராதுன்னு ஒரு குறை அவளுக்கு.

லண்டன்ல இருந்து திரும்பின ஃபேனியை ஆம்ஸ்டர்டாம்ல குதிரை வண்டியில ஊர்வலமா கூட்டிட்டுப் போனாங்க. அக்கம்பக்கத்துக்காரங்க ஒரு சைக்கிள் பரிசு கொடுத்தாங்களாம், இனிமே இவ்வளவு ஓட வேண்டியதில்ல பாருன்னு சொல்லி. இதைக் கேட்டுட்டு அக்கா சிரிச்சா. "எனக்கு யாராச்சும் கிரைண்டர் குடுத்தா போதும்"னா.

1995 டிசம்பர்ல நேரு ஸ்டேடியத்துல உக்கார்ந்து அந்த 800 மீட்டரை நேர்ல பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? கடைசி 100 மீட்டர் எப்படி இருந்ததுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. அக்காவுக்குப் படிச்சுக் காட்டணும்.