குப்பாயம்

ஊர்விட்டு ஊர் வந்து அமீர்பேட்டில் குடியமர்ந்திருக்கும் நாம், நம்மைப் போலவே எல்லை கடந்து வாழும் ஒரு சொல்லின் வரலாற்றை இம்மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். அச்சொல் 'குப்பாயம்'. சட்டை என்பது அதன் பொருள்.

முற்காலத் தமிழரிடையே உடுப்பதும் போர்ப்பதுமே பெருவழக்கு. தைத்த சட்டை அணிந்தோரைப் புலவர் தனியே சுட்டினர். முல்லைப்பாட்டு, பாசறையில் இருந்த யவனரை 'மெய்ப்பை' அணிந்தவராகக் காட்டுகின்றது. பின்னர் வழங்கிய சொற்களுள் ஒன்று குப்பாயம். வடமொழி நிகண்டாகிய அமரகோசத்தில் வரும் 'கூர்ப்பாசகம்' என்னும் சட்டைப் பெயரோடு இது உறவுடையது என்பர்.

இந்த உடைச்சொல்லைச் சமயத்திற்கும் உரியதாக்கியவர் மாணிக்கவாசகர். திருவாசகத்தின் 51 பகுதிகளுள் 25ஆவதாகிய ஆசைப்பத்தில், நரம்பும் எலும்பும் தோலும் கொண்ட உடம்பையே குப்பாயம் என்கின்றார். இதனுள் இனியும் தங்க இயலாது, அழைத்துக்கொள் என்று இறைவனிடம் முறையிடுகின்றார். உடம்பு உயிர் அன்று. உயிர் அணிந்து கழற்றும் சட்டையே என்பது கருத்து. சைவ சித்தாந்தமும் காலம், நியதி, கலை, வித்தை, அராகம் ஆகிய ஐந்தையும் உயிர் அணியும் 'பஞ்ச கஞ்சுகம்' என்று கூறும். கஞ்சுகம் என்பதும் சட்டையே.

தமிழ்நாட்டுப் பேச்சில் குப்பாயம் அருகிவிட்டது. ஆயின் அண்டை வீடுகளில் அது வாழ்கின்றது. கேரளத்தில் மாப்பிள்ளை முஸ்லிம் மகளிரின் மேற்சட்டையும், சிரியன் கிறிஸ்தவக் குருமாரின் அங்கியும் குப்பாயமே. வட கர்நாடகத்தில் 'குபுச' என்பது இரவிக்கை. கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் சீமந்தச் சடங்கிற்கும் அதுவே பெயர். நாம் வாழும் தெலுங்கு நாட்டிலோ, பாம்பு உரித்த சட்டை 'குபுசம்' எனப்படுகின்றது.

நம் குழந்தைகள் தெலுங்கு கற்று, தமிழ் எழுத்தை அறியாமல் வளர்கின்றனரே என்னும் கவலை நம்மில் பலருக்கு உண்டு. கவலை நியாயமானதே. ஆயினும் தெலுங்கு நமக்குப் பகை அன்று. குபுசத்தை அறிந்த பிள்ளையிடம், 'பாம்பு சட்டையை விட்டுச் செல்வது போல உயிர் உடம்பை விட்டுச் செல்லும்' என்று கூறினால், திருவாசகத்தின் குப்பாயம் எளிதில் விளங்கும். அவ்வாறு கூறுவதற்கு வீட்டில் ஒரு திருவாசகப் பிரதியும், அதைப் படிக்கத் தமிழ் எழுத்தறிவும் வேண்டும். இவ்விரண்டும் நம் இல்லந்தோறும் நிலைபெற நாம் அனைவரும் முயல்வோமாக.

வாழ்க தமிழ்!