வாணம்: பறப்புப் பிழைகளும் காரணங்களும்

வாணம் அல்லது ராக்கெட், காகிதக் குழாயில் கெட்டித்த கருமருந்து எரிந்து வெளித்தள்ளும் வாயுவின் உந்துவிசையால் மேலெழும் பட்டாசு வகை. சிவகாசியையும் அதை ஒட்டிய விஸ்வநத்தம் முதலிய ஊர்களையும் உள்ளடக்கிய விருதுநகர் மாவட்டப் பட்டாசு வட்டாரத்தில் உரிமம் பெற்ற ஆலைகள் இதைத் தயாரிக்கின்றன. பேபி ராக்கெட், விசில் ராக்கெட், இரண்டு முறை வெடிக்கும் டூ சவுண்ட் என்று ரகங்கள் பல. மற்றப் பட்டாசுகள் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே வெடிக்கும். ராக்கெட்டோ கொளுத்தியவரை விட்டு வெகுதூரம் போய் முடியும். அதனால் அது கோணிப் பறப்பதை வெறும் அழகுக் குறையாக எண்ணக் கூடாது. கூரைவீடு, வைக்கோற்போர், மொட்டைமாடியில் நிற்கும் குழந்தை என எதன்மேலும் நெருப்பு விழலாம்.

ராக்கெட்டின் அமைப்பு எளியது. குழாயின் அடியில் களிமண்ணால் குறுக்கிய கழுத்து. அதற்கு மேலே மருந்து. மருந்தின் நடுவே கூம்பு வடிவ உட்குழி. உச்சியில் வெடியோ வண்ணப்பொறியோ. பக்கவாட்டில் கட்டிய நீளக் குச்சி அதன் வால். உட்குழியின் சுவர் முழுதும் ஒரே நேரத்தில் பற்றுவதால்தான் தொடக்கத்திலேயே தூக்கும் வேகம் கிடைக்கிறது.

பிழையை இனம் காணல்

ஒரே பெட்டியிலிருந்து நாலைந்து ராக்கெட்டுகளை ஒரே இடத்திலிருந்து விட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் காற்றையோ ஏவுகுழாயின் சாய்வையோ சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போனால் குறை சரக்கில் இருக்கிறது. துப்பாக்கிப் பயிற்சியாளர்களும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். குண்டுகள் நெருக்கமாக விழுந்து, விழுந்த இடம் மட்டும் குறியிலிருந்து விலகியிருந்தால் குறிகாட்டியைத் திருத்துவார்கள். குண்டுகள் சிதறி விழுந்தால் தோட்டா, குழல், பிடிக்கட்டையின் இறுக்கம் ஆகியவற்றை ஆராய்வார்கள். தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் நாடுகளில் இந்தச் சிதறலுக்கு மருந்தின் எடை, குண்டு அமர்ந்த ஆழம் போன்றவை தோட்டாவுக்குத் தோட்டா மாறுவது ஒரு முக்கியக் காரணம். கையால் கெட்டிக்கும் எந்தப் பொருளிலும், ஒன்றைப்போல் மற்றொன்று அமையாததே பிழையின் வேர். ராக்கெட்டும் அதற்கு விலக்கல்ல.

குச்சி

என் மதிப்பீட்டில், வாங்குபவர் தன் கையாலேயே கண்டுபிடிக்கக்கூடிய குறைகளில் முதலிடம் குச்சிக்குத்தான். காற்றைக் கிழித்துப் போகும்போது வால்பகுதியில் படும் காற்று ராக்கெட்டை நேராக்க வேண்டும். அதற்கு ராக்கெட்டின் எடைமையம், காற்றழுத்தம் குவியும் இடத்தைவிட முன்னால் இருக்க வேண்டும். குச்சி குட்டையாகவோ முறிந்தோ இருந்தால் இந்த ஒழுங்கு தலைகீழாகி, ராக்கெட் கரணம் அடிக்கும். சில நேரம் திரும்பிக் கொளுத்தியவரை நோக்கியே வரும். தேவைக்கு மேல் கனமான குச்சி வேறுவிதமாகக் கெடுக்கும்: கிளம்பும் வேகம் குறைந்து, உச்சிக்குப் போகாமல் வளைந்து தாழப் பறக்கும்.

சோதிப்பது எளிது. கொளுத்தும் இடத்திலிருந்து விலகி, நெருப்பு அருகில் இல்லாதபோது ராக்கெட்டை ஆட்காட்டி விரல்மேல் கிடத்திப் பாருங்கள். அது சமநிலையில் நிற்கும் புள்ளி, குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே குச்சியின்மேல் அமைய வேண்டும். புள்ளி குழாயின் மேலேயே அமைந்தால் குச்சி போதவில்லை. பிறகு குச்சியைக் கண்ணுக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, அதன் நீளத்தை ஓட்டிப் பாருங்கள். வளைந்த குச்சி ராக்கெட்டைச் சுருள் சுருளாக ஏற்றும். குழாயில் கட்டிய இடம் ஆடினாலும் அதே கதிதான். தளர்ந்ததை வீட்டில் பசை போட்டு ஒட்டவோ, ஒடிந்ததற்குத் துடைப்பக் குச்சி கட்டவோ வேண்டாம். அந்த ராக்கெட்டை ஒதுக்கிவிடுவதே சரி.

கழுத்தும் மருந்தும்

கழுத்தின் துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தாலோ, களிமண் ஒரு பக்கம் உதிர்ந்திருந்தாலோ வாயு சாய்வாக வெளியேறும், விசையும் சாயும். துளை அகன்றுவிட்டால் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, ராக்கெட் சீறிக்கொண்டே நின்ற இடத்தில் கரியும்.

மருந்துக் குறை இதைவிட ஆபத்தானது. கெட்டித்த மருந்தில் விரிசல் விழுந்தால் நெருப்பு அந்த விரிசலுக்குள் பாய்கிறது. எரியும் பரப்பு திடீரென்று பெருகி, அழுத்தம் குழாயின் தாங்குதிறனை மீறுகிறது. ராக்கெட் எழும்பாமல் தரையிலேயே வெடிக்கிறது. விரிசல் ஆலையிலும் விழலாம். லாரியில் குலுங்கியோ, கடையில் கீழே போட்டோ பிறகும் விழலாம். இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை. கண்ணாடி பாட்டிலில் ராக்கெட் விடும் பழக்கம் கூடாது என்பதற்கு இதுவே காரணம். தரையில் வெடித்தால் பாட்டில் சில்லுகளாய்ப் பறக்கும்.

காற்றும் ஏவுதலும்

துப்பாக்கிக் குண்டைப் பக்கக்காற்று தன் போக்கில் தள்ளிக்கொண்டு போகும். மருந்து எரிந்துகொண்டிருக்கும் ராக்கெட்டோ காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். வாலைக் காற்று தள்ளுவதால் தலை எதிர்ப்பக்கம் திரும்புகிறது; தலை திரும்பிய பக்கமே உந்துவிசை இழுத்துச் செல்கிறது. மருந்து தீர்ந்த பிறகு மட்டுமே மிச்சம் காற்றோடு போய் விழும். காற்றுக்கு எதிர்த்திசையில் இருக்கும் வீடுகள் பாதுகாப்பானவை என்று எண்ணுவோர் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

ராக்கெட் வேகம் பிடிக்கும்வரை குச்சியால் அதை நேராக்க முடியாது. அந்தக் கணத்தில் அதற்கு வழிகாட்டுவது ஏவுகுழாய்தான். மணல் நிரப்பிய வாளியில் செங்குத்தாக நட்ட குழாய் போதும். குச்சி உள்ளே உரசாமல் வழுக்கி மேலே வர வேண்டும். மணலில் குச்சியையே குத்தி நிறுத்தினால் கிளம்ப முடியாமல் நின்று எரியும்.

ஈரம்

மழை குறைந்த வறண்ட வானிலை, 1920களில் தீப்பெட்டியும் அதன்பின் பட்டாசும் சிவகாசியில் வேரூன்றத் துணைசெய்தது. வெயிலில் காய்ந்து உருவாகும் சரக்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்துத் தீபாவளியில் கொளுத்தப்படுகிறது. ஈரம் ஏறிய மருந்து மெதுவாக எரிகிறது, காகிதக் குழாய் நெகிழ்கிறது, குச்சி வளைகிறது. சென்ற ஆண்டின் மிச்ச ராக்கெட் இந்த ஆண்டு தாழப் பறப்பது பெரும்பாலும் இதனால்தான். நனைந்ததை அடுப்பருகில் காய வைப்பது உயிரோடு விளையாடுவது.

போர்க்கள ராக்கெட்டில் இதே சிக்கல்

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் தோற்கடித்த போரில் மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. காகிதத்துக்குப் பதில் இரும்புக் குழாய் வைத்ததால் அவை அதிக அழுத்தம் தாங்கித் தொலைவு போயின, மூங்கிலே வால். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பழங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் குழாய்கள் கிடைத்தன. இங்கிலாந்தில் வில்லியம் கான்கிரீவ் இவற்றைப் பின்பற்றித் தன் ராக்கெட்டுகளை உருவாக்கினார். பக்கவாட்டுக் குச்சி நேர்ப்பறப்பைக் கெடுப்பதைக் கண்டு, பிற்பாடு அதை அடித்தட்டின் நடுவே பொருத்தினார். 1844இல் வில்லியம் ஹேல் குச்சியையே நீக்கி, வெளியேறும் வாயுவைக் கொண்டு ராக்கெட்டைத் தன்னச்சில் சுழலவைத்தார். பட்டாசு ராக்கெட் இன்றும் பக்கக்குச்சியோடுதான் இருக்கிறது. விலைக்காகச் செய்துகொண்ட சமரசம் இது. ஓரளவு சாய்வு அதன் பிறவிக்குணம்.

ஆலையில்

வெடிபொருள் விதிகள் 2008இன்படி உரிமம் வழங்கிக் கண்காணிப்பது நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, அதாவது பெசோ. ஆட்கள் நெரிசல், அளவுக்கு மீறிய மருந்து, உராய்வு ஆகியவை மருந்து கையாளும் அறையில் உயிரைப் பறிக்கின்றன. அவசரத்தில் கெட்டித்த குழாய்தான் வானத்தில் கோணுகிறது. கெட்டித்தவரின் உயிருக்கும் அந்த அவசரமே எமன். எண்ணிக்கைக்குக் கூலி என்று விரட்டும் இடத்தில் சீரான சரக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ராக்கெட் வாங்குவோர் பெட்டியில் ஆலையின் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததை வாங்காதீர்கள். எரியாமல் நின்ற ராக்கெட்டை எட்டிப் பார்க்காதீர்கள், பிரித்து மருந்தைக் கொட்டாதீர்கள். சற்று நேரம் விட்டுத் தொலைவிலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். கூரைவீடுகள் உள்ள தெருவில், எவ்வளவு நல்ல ராக்கெட்டானாலும் விடவே விடாதீர்கள்.