கிராந்தம்: ஓர் ஆங்கிலச் சந்தை நகரும் அதன் புகழ்பெற்ற மக்களும்

கிராந்தம், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் வித்தம் ஆற்றங்கரையில் உள்ள சந்தை நகரம். லண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தொலைவில், தலைநகரை யார்க், எடின்பரோ நகரங்களோடு இணைத்த பழைய பெருவழியில் அமைந்துள்ளது. அறிவியலாளர் ஐசக் நியூட்டன் படித்த ஊர். பிரிட்டனின் முதல் பெண் பிரதமர் மார்கரெட் தாட்சர் பிறந்த ஊர். இவர்களைத் தவிர மெய்யியலாளர், கவிஞர், பொறியாளர், காவலர், இசையமைப்பாளர் எனப் பலரின் வாழ்க்கை இந்நகரோடு பிணைந்துள்ளது. அவர்களில் சிலர் இங்கே பிறந்தவர்கள். வேறு சிலர் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து படிக்க வந்தவர்கள். இன்னும் சிலர் வேலை தேடி வந்தவர்கள். இம்மூன்று வகையினரையும் உருவாக்கியதில் ஊரின் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் கடைத்தெருவுக்கும் பெரும் பங்கு உண்டு.

நகரின் பின்னணி

1463இல் மன்னர் நான்காம் எட்வர்ட் அளித்த பட்டயத்தால் கிராந்தம் தன்னாட்சி நகரானது. கம்பளி வணிகத்தில் சேர்ந்த செல்வம் புனித உல்ஃப்ரம் தேவாலயத்தில் இன்றும் தெரிகிறது. அதன் கூர்கோபுரம் சுமார் 86 மீட்டர் உயரம் கொண்டது. பெருவழியில் போவோர் இரவு தங்கவும் குதிரை மாற்றவும் இறங்கும் இடமாக இருந்ததால் இங்கே சத்திரங்கள் பெருகின. வாரச் சந்தைக்குச் சுற்றுவட்டார உழவர்கள் தானியமும் கால்நடையும் கொண்டு வந்தனர்.

1598இல் பிரான்சிஸ் டிரிக் என்னும் பாதிரியார் தேவாலயத் தெற்கு வாயிலின் மேலுள்ள அறையில் ஒரு நூலகத்தை அமைத்தார். நூல்கள் களவு போகாமலிருக்கச் சங்கிலியால் பிணைக்கப்பட்டன. பாதிரிமார் மட்டுமல்லாமல் ஊர்மக்களும் வந்து படிக்கலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு. இங்கிலாந்தின் முதல் பொது நூலகங்களில் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

பள்ளியும் தொடக்ககால மாணவர்களும்

நகரின் இலக்கணப் பள்ளி தேவாலயத்தின் அருகிலேயே நிற்கிறது. அருகிலுள்ள ராப்ஸ்லி என்ற சிற்றூரில் பிறந்து, வின்செஸ்டர் ஆயராகவும் மன்னர் ஏழாம் ஹென்றியின் நெருங்கிய அமைச்சராகவும் உயர்ந்த ரிச்சர்ட் பாக்ஸ், 1528இல் இப்பள்ளிக்கு நிலையான வருவாய்க்கு வழி செய்தார். ஆக்ஸ்போர்டில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியை நிறுவியவரும் இவரே. பின்னாளில் பள்ளி 'கிங்ஸ் பள்ளி' எனப் பெயர் பெற்றது.

முதலாம் எலிசபெத் அரசியின் தலைமை ஆலோசகராக நாற்பது ஆண்டுகள் இருந்த வில்லியம் செசில், பக்கத்து ஊரான போர்னில் பிறந்து இங்கே சில காலம் படித்தார். நாடக நடிகரும் ஆசிரியருமான காலி சிப்பர் லண்டனில் பிறந்தாலும் கிராந்தம் பள்ளியிலேயே கல்வி கற்றார். 1730இல் அரசவைக் கவிஞரானார்.

மண்ணின் மைந்தர் என்ற பெயருக்கு உரியவர் ஹென்றி மோர் (1614–1687). இவருடைய தந்தை நகரின் முன்னணிக் குடிமக்களில் ஒருவர். மோர் கேம்பிரிட்ஜில் மெய்யியல் ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்டார். பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட்டுடன் கடித வழி விவாதித்தார். வெளி எல்லையற்றது, பொருள்களைச் சார்ந்திராதது என்ற இவருடைய கருத்து நியூட்டனின் சிந்தனையிலும் தடம் பதித்தது.

ஐசக் நியூட்டன்

நியூட்டன் பிறந்தது கிராந்தத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவிலுள்ள உல்ஸ்தார்ப் பண்ணை வீட்டில், பழைய நாட்காட்டிப்படி 1642 டிசம்பர் 25 அன்று. தந்தை முன்பே இறந்துவிட்டார். பன்னிரண்டு வயதில் கிங்ஸ் பள்ளியில் சேர்ந்த சிறுவன், தினமும் நடந்து வர இயலாத தொலைவு என்பதால், கடைவீதியில் மருந்துக்கடை நடத்திய வில்லியம் கிளார்க் வீட்டில் தங்கினான். மருந்து அரைப்பதையும் கலப்பதையும் அங்கே அன்றாடம் கண்டான். வேதியியலில் அவனுக்கு ஏற்பட்ட நாட்டம் அங்கிருந்தே தொடங்கியதாகக் கருதப்படுகிறது.

இந்த ஆண்டுகளைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதிக்கு வில்லியம் ஸ்டூக்லி என்ற மருத்துவருக்கு நன்றி சொல்ல வேண்டும். 1726இல் கிராந்தத்தில் குடியேறிய அவர், நியூட்டனைச் சிறுவனாகப் பார்த்திருந்த முதியவர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார். ஊருக்கு வடக்கே கானர்பி சாலையில் ஒரு காற்றாலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிறுவன் நாள்தோறும் போய் வேலையாட்களின் கையையே பார்த்திருந்து, அதே ஆலையைச் சிறிய அளவில் மரத்தில் செய்தான். காற்று வீசும்போது துணிப்பாய்கள் சுழன்றன. காற்று இல்லாத நேரத்தில் ஓடுவதற்காக உள்ளே சக்கரத்தில் ஓர் எலியை விட்டான். அதற்கு 'ஆலைக்காரர்' என்று பெயரும் வைத்தான். நீர்க்கடிகாரம், சூரியக் கடிகாரம், காகித விளக்கு கட்டிய பட்டம் ஆகியவற்றையும் செய்தான். கிளார்க் வீட்டுச் சிறுமியருக்குப் பொம்மை வைக்கச் சிறு மேசைகளும் அலமாரிகளும் செய்து கொடுத்தான். தங்கிய மாடத்தின் சுவர் முழுவதும் கரியால் பறவை, விலங்கு, கப்பல் என வரைந்து வைத்திருந்தான்.

தொடக்கத்தில் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த இவன், தன்னை வயிற்றில் உதைத்த மாணவனைத் தேவாலய முற்றத்தில் சண்டையிட்டு வென்றான். பிறகு படிப்பிலும் அவனை முந்துவதென்று உறுதி கொண்டு முதலிடம் பிடித்தான் என்பது குடும்பத்தார் வழி வந்த செய்தி. பள்ளியின் கல் சன்னல் விளிம்பில் இவன் பெயர் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

பண்ணையைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று தாய் ஹன்னா மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். சனிக்கிழமைச் சந்தையில் விளைச்சலை விற்று வர ஒரு வேலைக்காரருடன் அனுப்பினார். நியூட்டனோ சத்திரத்தில் குதிரையை நிறுத்தியதும் வியாபாரத்தை வேலைக்காரரிடம் விட்டுவிட்டு, கிளார்க் வீட்டு மாடத்தில் கிடந்த பழைய நூல்களில் மூழ்கிவிடுவார். தலைமை ஆசிரியர் ஹென்றி ஸ்டோக்ஸ் இதைக் கண்டு, இத்தகைய அறிவைப் பண்ணையில் புதைப்பது உலகுக்கே இழப்பு என்று தாயிடம் வாதாடினார். வெளியூர் மாணவர் செலுத்த வேண்டிய 40 ஷில்லிங் கட்டணத்தையும் விட்டுக்கொடுக்க முன்வந்தார். தாய்மாமனும் அதையே வலியுறுத்த, நியூட்டன் பள்ளிக்குத் திரும்பினார். 1661இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1687இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வுக்கான பாதை, ஒரு சிற்றூர் ஆசிரியரின் இந்தப் பிடிவாதத்தால் திறந்தது.

தொழிலும் காவலும்

அமெரிக்க விடுதலைக்கு உரமூட்டிய 'பொது அறிவு' (1776) நூலின் ஆசிரியர் தாமஸ் பெய்ன், 1762 இறுதியில் கலால் அலுவலராக இங்கே பணியில் சேர்ந்தார். மதுக்கடைப் பீப்பாய்களை அளந்து வரி கணக்கிடுவது அவருடைய வேலை.

1815இல் ரிச்சர்ட் ஹார்ன்ஸ்பி ஒரு கூட்டாளியுடன் தொடங்கிய பட்டறை, வேளாண் கருவிகளும் நீராவி எஞ்சின்களும் செய்யும் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் வடிவமைத்த எண்ணெய் எஞ்சினை 1892 முதல் இந்நிறுவனம் விற்றது. இதில் ஓர் இரும்புக் குமிழை முதலில் விளக்கால் சூடேற்றுவார்கள். அதன் வெப்பத்தில் எண்ணெய் ஆவியாகி எரிந்து எஞ்சினை ஓட்டும். ஓடத் தொடங்கிய பின் விளக்கு தேவையில்லை. டீசல் எஞ்சினின் முன்னோடிகளில் இது ஒன்று. தலைமைப் பொறியாளர் டேவிட் ராபர்ட்ஸ் சேற்றிலும் புதையாமல் செல்லும் சங்கிலித் தடத்தை உருவாக்கினார். பிரிட்டிஷ் ராணுவம் அதைச் சோதித்துப் பார்த்தும் பெரிய அளவில் வாங்கவில்லை. காப்புரிமை 1914இல் அமெரிக்காவின் ஹோல்ட் நிறுவனத்துக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில் அத்தகைய தடங்களின் மேல் டாங்கிகள் போர்க்களம் புகுந்தன.

முதல் உலகப் போரில் நகரின் எல்லையில் பெரும் ராணுவ முகாம் எழுந்து, ஆயிரக்கணக்கான வீரர்கள் குவிந்தனர். அந்த நெருக்கடியில் 1915இல் எடித் ஸ்மித் முழுக் கைது அதிகாரம் பெற்ற காவலராக இங்கே பதவியேற்றார். பிரிட்டனில் அந்த அதிகாரம் பெற்ற முதல் பெண் இவர். ஓய்வின்றி உழைத்து உடல்நலம் குன்றியதால் 1918இல் விலகினார். இன்று பிரிட்டனில் ஒரு பெண் காவலர் தன் கடமையைச் செய்வதற்கு முதல் முன்னுதாரணம் கிராந்தத் தெருக்களில் உருவானது.

மார்கரெட் தாட்சர்

1925 அக்டோபர் 13 அன்று, நார்த் பரேடில் இருந்த மளிகைக் கடையின் மேல்மாடியில் மார்கரெட் ராபர்ட்ஸ் பிறந்தார். வீட்டில் வெந்நீர்க் குழாய் கிடையாது. கழிப்பறை வெளியே இருந்தது. தந்தை ஆல்பிரட் ராபர்ட்ஸ் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டவர். தாமே படித்து முன்னேறி மெதடிஸ்ட் பிரசங்கியாகவும் நகர்மன்ற உறுப்பினராகவும் 1945–46இல் மேயராகவும் விளங்கினார். மொத்தமாக வரும் சர்க்கரையையும் தேயிலையையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டுவதில் மகள்கள் கைகொடுத்தனர். ஞாயிறன்று பலமுறை தேவாலயம். வரவுக்குள் செலவு, கடன் தவிர்த்தல், சொந்த உழைப்பு எனத் தாட்சர் பின்னாளில் பேசிய பொருளாதாரம் இந்தக் கடை மேசையில் கற்றது என்று அவரே பலமுறை கூறினார்.

உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் படித்த அவர், 1943இல் ஆக்ஸ்போர்டு சென்று வேதியியல் பயின்றார். 1979 முதல் 1990 வரை பிரதமராக இருந்தார். அரசு நிறுவனங்களைத் தனியார்மயமாக்கியதும், 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முறியடித்ததும் நாட்டை இரண்டாகப் பிரித்தன.

பிற்காலத்தவர்

வானொலி அறிவிப்பாளர் நிக்கோலஸ் பார்சன்ஸ் (1923–2020), கிராந்தத்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். பிபிசியின் 'ஜஸ்ட் எ மினிட்' நிகழ்ச்சியை 1967 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒலிக்கும் 'ஒடிசி' என்ற இசைப்படைப்பைத் தந்த நிக்கோலஸ் மா (1935–2009) இவ்வூரில் பிறந்தவர். இளைய தலைமுறையில் பாடகி ஹாலி ஹம்பர்ஸ்டோன் குறிப்பிடத்தக்கவர்.

நினைவுச் சின்னங்களும் மதிப்பீடும்

புனித பீட்டர் குன்றில் 1858இல் திறக்கப்பட்ட நியூட்டனின் வெண்கலச் சிலை, கிரிமியப் போரில் கைப்பற்றிய ரஷ்யப் பீரங்கிகளின் உலோகத்தையும் சேர்த்து வார்க்கப்பட்டது. அதே குன்றில் 2022 மே மாதத்தில் நிறுவப்பட்ட தாட்சர் சிலைமீது சில மணி நேரத்துக்குள் முட்டை வீசப்பட்டது.

சிலை இல்லாதவர்களின் பங்கு இவர்களுடையதற்குக் குறைந்ததன்று. வெளியூர்ச் சிறுவனுக்கு இடம் தந்த மருந்துக்கடைக்காரர், கட்டணத்தை விட்டுக்கொடுத்த ஆசிரியர், ஊர்மக்களுக்கு நூல்களைத் திறந்துவைத்த பாதிரியார், மகளைப் படிக்கவைத்த மளிகைக்காரர் ஆகியோர் இல்லாமல் மேலே கண்ட வரலாற்றில் பாதி நிகழ்ந்திருக்காது. கிராந்தத்தின் புகழ்பெற்றோர் பட்டியலில் கிளார்க், ஸ்டோக்ஸ், டிரிக், ஆல்பிரட் ராபர்ட்ஸ் என்ற நான்கு பெயர்களும் இடம்பெறுவதே முறை.